பிள்ளைகளுக்குப் பீடைச் சேதமும் கைத்தையலும் பழக்குதல்

பாகற்காயை அரியும் பொழுது உள்ளே வெண்புழுக்கள் நெளிவதைக் கண்டு அதனை எறிந்துவிட்ட அனுபவம் உங்களுக்கு உண்டு. பழ ஈ அக்காயைக் குத்தி முட்டையிட்டது, அது விரலளவு பிஞ்சாயிருந்த காலத்திலாகும். அப்பொழுதே பிஞ்சுக்கு ஓர் உறையிட்டிருந்தால் காய் தப்பியிருக்கும். சேதத்தைக் காலத்தோடு காண்பதற்குக் கூர்மையான கண் வேண்டும். உறை தைப்பதற்கு ஊசி பிடிக்கும் கை வேண்டும். ஆரம்பப் பாடசாலையிற் பயிலும் எட்டு முதற் பத்து வயதுப் பிள்ளைகள் இவ்விரண்டையும் விரைவிற் கற்றுக்கொள்வர். வீட்டுத் தோட்டத்திலோ பாடசாலைத் தோட்டத்திலோ இவற்றைப் பழக்கும் முறை கீழே தரப்படுகின்றது.

1. சேதத்தைக் காணப் பழக்குதல்

பூச்சியின் பெயரை முதலிற் கூறாதீர்கள். சேதமுற்ற இலையையும் காயையும் பிள்ளையின் கையிற் கொடுத்து, "இங்கே என்ன நடந்திருக்கிறது?" என்று கேளுங்கள். தானே கண்டதைப் பிள்ளை மறவாது. தொடக்கத்திற்குப் பின்வரும் நான்கும் போதும்.

(அ) நெல்லில் இலை நீளவாக்கில் மடிந்து, பச்சை சுரண்டப்பட்டு, வெண்கோடுகளோடு காணப்பட்டால் அது இலைமடிச்சுப் புழுவின் வேலை. மடிப்பை மெல்லப் பிரித்தால், புழு தன் பட்டிழையால் இலையின் இரு ஓரங்களையும் இணைத்திருப்பது தெரியும். இப்புழுவும் ஒரு தையற்காரன் என்று பிள்ளைக்குக் காட்டலாம். பயிர் இளமையாயிருக்கும் பொழுது சில இலைகள் மடிவதால் விளைவு குறையாது. அதற்காக மருந்தடிக்க வேண்டியதில்லை.

(ஆ) நடுக்குருத்து மட்டும் காய்ந்து நின்றால் அதனைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். எளிதாகக் கழன்று வந்து, அடியில் அரிக்கப்பட்டிருந்தால் அது தண்டு துளைப்பான். தண்டே சாய்வாக வெட்டுண்டு கிடந்தால் அது எலி.

(இ) கத்தரியில் நுனித்தளிர் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கின்றது. வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டியெடுத்து எரித்துவிடுக.

(ஈ) பாகல், புடோல், பீர்க்கு முதலியவற்றின் பிஞ்சிலே ஊசி குத்தியது போன்ற புள்ளியும், அதிற் கசியும் சாறும், காய் கோணுதலும் பழ ஈயின் அடையாளங்கள். விழுந்த காய்களைப் பந்தலின் கீழ் விட்டுவைத்தல் கூடாது. உள்ளிருக்கும் புழுக்கள் வெளியேறி, மண்ணிற் புகுந்து கூட்டுப்புழுவாகிப் பின்னர் ஈக்களாக எழும். நாள்தோறும் காய்களைப் பொறுக்கி, இரண்டடி ஆழத்திற் புதைக்க வேண்டும். பொறுக்கும் வேலையைப் பிள்ளை செய்யலாம். குழியைப் பெரியவர் வெட்டுக.

சிலந்தி, தும்பி, பொறிவண்டு ஆகியவை பீடைகளைத் தின்று நமக்கு உதவுபவை. அவற்றைக் கொல்லலாகாது என்பதையும் அன்றே கற்பியுங்கள்.

2. காய்க்கு உறை தைத்தல்

இதற்குப் புதுத்துணி வேண்டுவதில்லை. நெருங்கிய நெசவுள்ள பழைய வேட்டித் துணி போதும். முற்றிய காயின் நீளத்திலும் இரண்டு அங்குலம் கூடுதலாகவும், காய் தாராளமாக அடங்கும் அகலத்திலும் இரு துண்டுகள் வெட்டுக. அவற்றை ஒன்றன்மேலொன்று வைத்து, விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே கரிக்கட்டியாற் கோடிடுக. அக்கோட்டின் வழியே ஊசியை ஏற்றி இறக்கி நேராக நூலோட்டப் பிள்ளையைப் பழக்குக. முதலுறையில் தையல் கோணலாயிருக்கும். அதனைப் பிரிக்க வேண்டாம். மூன்றாவது உறையிற் கை நேராகும். மூன்று பக்கமும் தைத்தபின், தையல் உட்புறமாகும்படி உறையைத் திருப்பிக்கொள்க.

பூ வாடிய உடனே, பிஞ்சு ஓர் அங்குல நீளமாயிருக்கும் பொழுதே உறையிடுதல் வேண்டும். ஈ குத்தியபின் இடுவதாற் பயனில்லை. துணி காயோடு ஒட்டியிருந்தால் ஈ துணியின் மேலிருந்தே குத்தக்கூடும். ஆதலின் உறை தளர்வாயிருத்தல் அவசியம். வாயைக் காம்பு நசுங்காதபடி நூலாற் கட்டுக. காய் பறித்தபின் உறையைத் துவைத்து வெயிலிற் காயவைத்தால் மீண்டும் உதவும்.

3. சாக்குக்கு ஒட்டுப் போடுதல்

எலி கடித்த துளையால் நெல் சிந்துவதைப் பிள்ளைக்குக் காட்டி, சிந்திய மணிகளை ஒரு சிரட்டையிற் சேர்க்கச் சொல்லுங்கள். நட்டத்தின் அளவு அப்பொழுது தெரியும். பின்னர் வெறுஞ்சாக்கைக் கொதிநீரில் தோய்த்து, உட்புறம் வெளியாக்கி நன்கு உலர்த்துக. துளையினும் எப்பக்கமும் ஓர் அங்குலம் பெரிதான துண்டை அதன்மேல் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சணல் நூலாற் பொத்துக. கோணியூசியைப் பெரியவரே ஏற்ற, பிள்ளை நூலை இழுத்து இறுக்கலாம்.

தையல் சிந்துதலைத் தடுக்குமேயன்றி அந்துப்பூச்சியைத் தடுக்காது. சாக்கின் நெசவினூடே அது நுழையும். விதைநெல்லின் ஈரத்தை 13 சதவீதத்திற்கு மேற்படாமல் உலர்த்துவதே அதற்குக் காப்பு. சாக்குகளைச் சுவரிற் சாத்தாமற் பலகைமேல் அடுக்குக.

4. எச்சரிக்கை

பீடைநாசினி தெளித்த வயலுக்கோ தோட்டத்திற்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். மருந்துப் போத்தல்களை அவர்கள் கைக்கெட்டாதவாறு பூட்டிவையுங்கள். மருந்து பட்ட துணியையும் பையையும் தையலுக்குக் கொடாதீர்கள். தோட்டத்தில் நின்று வந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவச் செய்யுங்கள். ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.

ஆண்பிள்ளைக்குத் தோட்டம், பெண்பிள்ளைக்குத் தையல் எனப் பிரித்தல் வேண்டா. இருவர்க்கும் இரண்டும் பழக்குக. இன்று பிள்ளை உங்களிடம் கொண்டுவரும் ஒரு வாடிய தளிர், நாளை ஒரு பாத்தியையே காக்கக்கூடும். அது ஓடிவந்து காட்டும் பொழுது, "பிறகு பார்ப்போம்" என்னாது, எழுந்து சென்று பாருங்கள். அடையாளம் விளங்காவிடின் சேதமுற்ற பகுதியை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள்.