சிக்கிமுக்கி இல்லாத நாட்டில் கற்கருவி

கல்லைக் கல்லால் தட்டிச் செதிலெடுத்துக் கூர்விளிம்புள்ள கருவியாக்கும் பழந்தொழிலுக்குப் பெயர்பெற்றது சிக்கிமுக்கிக் கல். ஐரோப்பாவின் வெண்சுண்ணப் படிவுகளில் முண்டு முண்டாகக் கிடைக்கும் அந்தக் கல்லை எதிர்பார்த்து மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளை ஏறிப் பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில் ஈப்போ அமைந்துள்ள கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறை, நிலத்தடியிலிருந்து மேலெழுந்த கருங்கல் குழம்பின் வெப்பம்பட்டுப் பெரும்பகுதி சலவைக்கல்லாக மாறிவிட்ட பழம்பாறையாகும். ஆயினும் பேராக்கின் வடபகுதியிலுள்ள லெங்கோங் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் கற்கருவிப் பட்டறை அமைத்திருந்தனர் என்று அகழாய்வு காட்டுகிறது. அவர்கள் எந்தக் கல்லை நாடினர், ஏன் நாடினர் என்பதே, இன்று இம்மாநிலத்தில் செதுக்கத்தக்க கல்லைத் தேடுபவருக்கும் வழிகாட்டி.

கருவிக்குரிய கல்லை அதன் பெயரோ நிறமோ தீர்மானிப்பதில்லை; அது உடையும் விதமே தீர்மானிக்கிறது. தடித்த கண்ணாடியின் ஓரத்தில் அடி விழும்போது விசை ஒரு கூம்பாக உள்ளே பரவி, சிப்பியின் உட்புறம்போல் வளைந்த முறிவை உண்டாக்குவதைப் பலரும் கண்டிருப்பர். இத்தகைய முறிவு தரும் கல்லில்தான் செதுக்குபவர் தாம் எண்ணிய திசையில் செதிலைப் பெயர்க்க முடியும். அதற்குக் கல் எல்லாத் திசையிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். மணிகள் மிக நுண்ணியனவாகவோ ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தனவாகவோ இருக்க வேண்டும். உள்ளே விரிசலும் படலமும் இருத்தல் கூடாது. அடி விழும் முகத்துக்கும் செதில் பெயரும் முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் செங்கோணத்தினும் குறைவாக அமைவதும் இன்றியமையாதது. உருண்டைக் கல்லில் முதற்செதில் எடுப்பது கடினமாயிருப்பதன் காரணம் இதுவே.

இந்த அளவுகோலைக் கொண்டு பேராக்கின் கற்களைப் பார்த்தால் பெரும்பாலானவை தேறுவதில்லை. தித்திவங்சா மலைத்தொடரும் கிளெடாங் தொடரும் கருங்கல்லால் ஆனவை. கருங்கல்லோ வெவ்வேறு கனிமங்களின் பருமணிகள் சேர்ந்தது, ஆகவே அடி விழுந்த இடத்தில் பொடியுமே தவிரச் செதிலாகப் பெயராது. அம்மி கொத்துபவர் உளியால் புள்ளி புள்ளியாகப் பொடித்தெடுப்பது கருங்கல்லின் இந்த இயல்பை அறிந்துதான். சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் பத்துப்படிக் கடினமானியில் 3 என்ற அளவிலேயே நிற்பதால் அவற்றின் விளிம்பு சில வெட்டுகளிலேயே மழுங்கிவிடும். கருங்கல்லில் வெள்ளை நரம்பாக ஓடும் வெங்கச்சங்கல் 7 என்ற கடினம் உடையது. ஆனால் உள்விரிசல் மிகுந்திருப்பதால் நினைத்த இடத்தில் உடையாது, சிறு கூர்ச்சில்லுகளுக்கு மட்டுமே பயன்படும். கடலடியில் நுண்ணுயிர்களின் மணற்சத்து ஓடுகள் படிந்து இறுகிய செர்ட் என்னும் கல் சிக்கிமுக்கிக்கு நெருங்கிய உறவு. பேராக்கின் செமாங்கோல் மலையின் பெயரால் அழைக்கப்படும் பாறைத் தொகுதியில் அது உண்டு என்றாலும், அதன் அடுக்குகள் கெடா மாநிலத்தில்தான் நன்கு வெளிப்பட்டுத் தெரிகின்றன.

எஞ்சுவது குவார்ட்சைட்டு. மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, மணிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியதுபோல் இறுகிய கல் இது; முறிவு மணிகளைச் சுற்றிப் போகாமல் மணிகளையே ஊடறுத்துச் செல்வதால் செதில் ஒழுங்காகப் பெயர்கிறது. ஆறு இக்கல்லை உருட்டி உருட்டிப் பலவீனமான பகுதிகளை முன்னரே உடைத்தெறிந்துவிடுவதால், ஆற்றுப்படுகையில் எஞ்சும் கூழாங்கல் ஒருவகையில் சோதிக்கப்பட்ட கல். லெங்கோங்கின் முன்னோர் நம்பியது பெரும்பாலும் இதனைத்தான்.

அங்குள்ள கோத்தா தம்பான் என்னும் இடத்தில் கற்கருவிகள் கிடைத்ததை எச். டி. காலிங்ஸ் 1938-இல் அறிவித்தார். 1954-இல் ஆன் சீவ்கிங் மீண்டும் அகழ்ந்தார். இவை மனிதர் செதுக்கியவைதாமா, ஆற்றோட்டத்தில் தாமாக உடைந்தவையா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரைனா மஜித் 1987-இல் நடத்திய அகழாய்வு அந்த ஐயத்துக்கு வலுவான விடை தந்தது. கல்லைத் தாங்கிய பட்டடைக்கல், அடித்த அடிகல், செதிலெடுக்கப்பட்ட கரு, பெயர்ந்த செதில்கள், கழிவுச் சில்லுகள் ஆகியவை, தட்டியவர் எழுந்து போனபோது கிடந்தபடியே கலையாமல் ஒரு பழைய நீர்க்கரையில் கிடைத்தன. ஓடும் ஆறு இவற்றை இப்படிச் சேர்த்து வைக்காது. முதலில் 31,000 ஆண்டு எனக் கணிக்கப்பட்ட அதன் காலம், அங்கிருந்த எரிமலைச் சாம்பல் சுமத்ராவின் தோபா வெடிப்பைச் சேர்ந்ததென உணரப்பட்டபின் 74,000 ஆண்டுகளாகத் திருத்தப்பட்டது. அருகிலுள்ள புக்கிட் புனோவில், விண்கல் மோதலில் உருகி இறுகிய சுவைட் பாறைக்குள் பொதிந்து கிடைத்த கைக்கோடாரிக்கு 18.3 லட்சம் ஆண்டு என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பழைமையை ஆய்வாளர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இதே குவார்ட்சைட்டுதான் தமிழகத்துப் பழங்கற்கால மனிதரின் கையிலும் இருந்தது. 1863-இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கருவியும், கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த, ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழைமை கணிக்கப்பட்ட கைக்கோடாரிகளும் குவார்ட்சைட்டால் ஆனவையே. தமிழகத்திலிருந்து ரப்பர் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்களின் பூர்வீக மண்ணும் அவர்கள் வந்திறங்கிய மண்ணும் கல் விஷயத்தில் இவ்வளவு நெருக்கம் என்பது தோட்டத்து மக்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் நேர்த்தியான கைக்கோடாரி அருகியிருப்பதை 1940-களில் சுட்டிய தொல்லியலாளர் ஹாலம் மூவியஸ், அங்குள்ளவர் பண்பாட்டில் தேங்கியவர் என்ற முடிவுக்குச் சென்றார். பிற்காலத்தவரோ நல்ல கல்லின் தட்டுப்பாட்டையும், பிளந்தாலே கத்தியாகிவிடும் மூங்கிலையும் காரணமாகக் காட்டினர். மூங்கில் மக்கிவிடும், சான்றும் அதனோடு போய்விடும் என்றாலும், பேராக்கின் காட்டை அறிந்தவருக்கு இந்த விளக்கமே பொருத்தமாகத் தோன்றும்.

இன்று தேடுபவர் மலையுச்சிக்குப் போவதைவிட ஆற்றின் கூழாங்கல் திட்டுகளையும், உரியவரின் அனுமதி பெற்று, வெள்ளீயம் கழுவியபின் விடப்பட்ட பழைய சுரங்கக் கழிவுமேடுகளையும், ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் ஓடை அரித்த கரைகளையும் பார்ப்பது பயன்தரும். முதற்சோதனை ஓசை: சிற்பிகள் கல்லைத் தட்டி ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என்று பிரிப்பதுபோலவே, கணீரென்று ஒலிக்கும் கல் உள்ளே விரிசலற்றது, மந்தமாக ஒலிப்பது கழிக்கத்தக்கது. அடுத்து, கல்லின் முனை கண்ணாடிப் புட்டியைக் கீற வேண்டும். சுண்ணாம்புக்கல் கீறாது, புளிக்காடி சொட்டினால் நுரைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்தும் விடும். இறுதியாக ஒரு மூலையை உடைத்து, முறிவு வழவழப்பாக வளைகிறதா, சொரசொரப்பாக உதிர்கிறதா என்று பார்த்தால் போதும். எப்படியும் செதுக்கும்போது எழும் மணற்சத்துத் தூசி நுரையீரலை நிரந்தரமாகப் புண்படுத்தக்கூடியது என்பதால், திறந்த வெளியில், கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்தே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

லெங்கோங்கில் கல் பொறுக்குவதை எண்ணியும் பார்க்கலாகாது. மலேசியாவின் தேசிய மரபுரிமைச் சட்டம் 2005-இன்படி அனுமதியின்றித் தொல்பொருள் அகழ்வது குற்றம். வேறெங்கேனும் ஏற்கெனவே செதுக்கிய தழும்புள்ள பழைய கல் தென்பட்டால், அதை எடுக்காமல் இடத்தைக் குறித்துத் தேசிய மரபுரிமைத் துறைக்குத் தெரிவிப்பதே முறை. புதிதாகச் செதுக்குபவர் தம் கழிவுச் சில்லுகளை ஆற்றங்கரையில் சிதறவிடாமல் ஒரு குழியிலிட்டு, பிற்காலத்தில் தோண்டுபவர் ஏமாறாதிருக்க, அவ்வாண்டு அச்சான சென் நாணயம் ஒன்றையும் அவற்றோடு சேர்த்து மூட வேண்டும்.