ஆபரேஷனுக்கு முன் ஆறு வாரம்

திருவெறும்பூர் வட்டாரத்தில் இடுப்புவலி என்பது வயதானவர்களின் நோய் மட்டுமல்ல. பெல் கொதிகலன் ஆலையும், அதை நம்பித் துவாக்குடி வரை நீளும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுமாக, இரும்போடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் பகுதி இது. மணிக்கணக்கில் குனிந்து வெல்டிங் அடிப்பவருக்கும் கனமான பிளேட்டைப் புரட்டுபவருக்கும் முப்பது, நாற்பது வயதிலேயே இடுப்பில் தொடங்கும் வலி பின்தொடை வழியாகக் கணுக்கால் வரை சுள்ளென்று இறங்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால், எல்4–எல்5 ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று அறிக்கை வருகிறது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்பார் ஒருவர். முதுகில் கத்தி பட்டால் ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது என்பார் இன்னொருவர். இரண்டு பயத்துக்கும் ஆதாரம் இல்லை. ஆபரேஷன் வேண்டுமா என்பதை ஸ்கேன் படம் தனியாக முடிவு செய்ய முடியாது. காலில் உள்ள பலமும், வலி தொடங்கி எத்தனை வாரம் ஆயிற்று என்பதும்தான் முடிவு செய்ய வேண்டும்.

படத்தை ஏன் அப்படியே நம்பக் கூடாது? அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் ஜவ்வு உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்கு ஒரு பக்கமாகத் துருத்தியிருந்தது. அதாவது, தெருவில் நன்றாக நடந்து போகிறவர்களில் பலரை ஸ்கேன் எடுத்தாலும் 'டிஸ்க் பல்ஜ்' என்றுதான் வரும். அதனால் படத்தைவிட, நோயாளியைப் படுக்கவைத்துச் செய்யும் ஐந்து நிமிடப் பரிசோதனைக்கு மதிப்பு அதிகம். மல்லாந்து படுத்தவரின் காலை முட்டி மடங்காமல் மெல்லத் தூக்கும்போது எந்த உயரத்தில் வலி காலுக்கு இறங்குகிறது, கால் கட்டைவிரலை மருத்துவர் கீழே அழுத்தும்போது எதிர்த்து நிமிர்த்த முடிகிறதா, குதிகாலை ஊன்றி நாலடி நடக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். பாதம் தொங்கிப்போனாலோ, பலம் நாளுக்கு நாள் குறைந்தாலோ காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. சிறுநீர் கழிக்க முடியாமல் போவதும், உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவதும் இன்னும் அவசரம். அந்த நிலையில் நாள்கணக்குப் பார்க்காமல் மணிக்கணக்குப் பார்த்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பலர் கூச்சப்பட்டு இதைச் சொல்வதில்லை. மருத்துவரே கேட்டுவிடுவது நல்லது.

இந்த ஆபத்துகள் இல்லாத, வலி மட்டும் உள்ள பெரும்பாலோருக்குத்தான் என் வாதம்: ஆபரேஷனுக்கு முன் ஆறு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஜவ்வின் நடுக்கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அது உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும், உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாகக் கருதி அரித்துக் கரைக்கத் தொடங்குகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான கணக்குப்படி, உடைந்து தனித்துண்டாக விழுந்த ஜவ்வு 96 சதவீதம் பேருக்கும், பிதுங்கி வெளிவந்தது 70 சதவீதம் பேருக்கும் ஆபரேஷன் இல்லாமலே சுருங்கியிருக்கிறது. வெறுமனே உப்பியது மட்டும் 13 சதவீதம் பேருக்கே. அறிக்கையில் படிக்கும்போது குலைநடுங்க வைப்பதுதான் அதிகம் கரைகிறது என்பது நோயாளிக்கு முதல் நாளே சொல்லப்பட வேண்டிய செய்தி.

சரி, ஆபரேஷனால் பலனே இல்லையா? உண்டு, அது வேகம். நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் கால்வலியில் தவித்த 283 பேரைச் சீட்டுப் போடுவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். முடிவு 2007-ல் வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்த பிரிவு நடுக்கணக்காக நான்கு வாரத்தில் தேறியது. காத்திருந்த பிரிவுக்குப் பன்னிரண்டு வாரம் பிடித்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். நார்வேயில் 126 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்த வெபர் என்ற ஆய்வாளரின் 1983 ஆய்விலும் இதே போக்குதான்: முதல் வருடம் ஆபரேஷனுக்கு முன்னிலை, நான்காம் வருடத்தில் பெரிய வித்தியாசமில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நெதர்லாந்தில் காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பொறுக்க முடியாமல் அந்த வருடத்துக்குள்ளேயே ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அப்படியிருக்க, காத்திருந்தாலும் பலன் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது? உண்மைதான், காத்திருப்பே எல்லோரையும் குணமாக்கிவிடும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. பொறுத்துப் பார்த்து, முடியாவிட்டால் ஆபரேஷனுக்குப் போகலாம் என்று இருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை என்பதையும், பத்தில் ஆறு பேருக்கு அந்த ஒரு வருடத்தில் கத்தி தேவைப்படவில்லை என்பதையும்தான் காட்டுகிறது. பொறுப்பதற்கும் எல்லை உண்டு. நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை வலி நீடித்த 128 பேரிடம் கனடாவில் நடந்த 2020 ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பத்துக்கு 2.8 என்று வலி இறங்கியது ஆபரேஷன் பிரிவில்; மற்றவர்களுக்கு 5.2-லேயே நின்றது. அந்தக் கட்டத்திலும் பயந்து தள்ளிப்போடுவது வீண் வேதனை.

காத்திருப்பது என்றால் பாயில் கிடப்பது என்று நினைப்பதுதான் நம்மிடம் உள்ள பெரிய தவறு. 1999-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் படுக்கையில் ஓய்வெடுத்தவர்களும் எழுந்து நடமாடியவர்களும் பன்னிரண்டு வாரத்தில் ஒரே அளவில், 87 சதவீதம் பேர், தேறினார்கள். நரம்பு வலிக்கென்று தாராளமாக எழுதப்படும் பிரீகாபலின் மாத்திரை இந்தக் கால்வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைத்தான் கூட்டியது என்று 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. உயரத்தில் நின்று வெல்டிங் அடிப்பவருக்கு அந்தத் தலைசுற்றல் சின்ன விஷயமல்ல. நடப்பது, பிசியோதெரபி, தேவைக்கு வலி மாத்திரை, பாரம் தூக்காமல் இருப்பது என்பதே அந்த ஆறு வாரச் சிகிச்சை.

இந்தக் கடைசி அம்சத்தில்தான் திருவெறும்பூர்த் தொழிலாளி சிக்கிக்கொள்கிறார். நாலு வாரத்தில் வேலைக்குத் திரும்பினால்தான் அடுப்பெரியும் என்றால் ஆபரேஷன்தானே சரி என்று அவர் கேட்கலாம். அவர் கேள்வியை நான் மதிக்கிறேன். வேகத்துக்கும் விலை உண்டு. ஆனால் ஆபரேஷன் செய்தவரும் எழுந்த கையோடு பிளேட் தூக்கிவிட முடியாது. அவருக்கும் பல வாரம் பாரம் ஆகாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ.யில் சந்தா முறையாகக் கட்டப்பட்டவருக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். 91 நாள் என்பது பதின்மூன்று வாரம். நெதர்லாந்தில் காத்திருந்தவர்கள் தேறப் பிடித்த காலத்தைவிட ஒரு வாரம் அதிகம். சட்டம் கொடுத்திருக்கும் அந்த அவகாசம், காண்ட்ராக்டர் பெயரைப் பதியாமல் விட்டாலோ, சந்தாவைக் கட்டாமல் விட்டாலோ தொழிலாளியின் கைக்கு வருவதில்லை. அப்போது ஆபரேஷனா, காத்திருப்பதா என்ற முடிவை எடுப்பது அவருடைய நரம்பும் அல்ல, மருத்துவரும் அல்ல. அந்த மாதத்து வீட்டு வாடகைதான்.