மரைத்துளை அளவு

மரைத்துளை அளவு என்பது ஒரு துளையின் உட்சுவரில் மரை வெட்டுவதற்கு முன்னர் அத்துளையை எந்த விட்டத்தில் இட வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவாகும். உள்மரை வெட்டும் கருவி பட்டறை வழக்கில் டேப் எனவும், அவ்வேலை டேப் அடித்தல் எனவும் அழைக்கப்படுகின்றன. துளை போல்ட்டின் விட்டத்தைவிடச் சிறியதாக இருத்தல் வேண்டும். மிகப் பெரிதானால் மரை ஆழமின்றி அமைந்து, இறுக்கும்போது வழுக்கிவிடும். மிகச் சிறிதானால் டேப் துளைக்குள்ளேயே முறிந்துவிடும்.

கணக்கிடும் முறை

மெட்ரிக் மரைகளுக்குப் பின்வரும் எளிய விதி பயன்படுகிறது:

துளையின் விட்டம் = மரையின் வெளிவிட்டம் − பிட்ச்

அடுத்தடுத்த இரு மரைமுகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவே பிட்ச் ஆகும். எம்10 மரையின் பிட்ச் 1.5 மி.மீ.; எனவே துளை 8.5 மி.மீ. இவ்வாறே எம்6 மரைக்கு (பிட்ச் 1) 5 மி.மீ., எம்8 மரைக்கு (பிட்ச் 1.25) 6.8 மி.மீ., எம்12 மரைக்கு (பிட்ச் 1.75) 10.2 மி.மீ. டிரில் பிட் தேவை. கடைசி இரண்டின் கணக்கு விடைகள் 6.75, 10.25 என்றாலும், கடைகளில் எளிதில் கிடைக்கும் அண்மை அளவே கொள்ளப்படுகிறது. எம்10 என்ற பெயரிலேயே 1.25 மி.மீ. பிட்ச் கொண்ட நுண்மரையும் உண்டு; அதற்குத் துளை 8.8 மி.மீ. ஆகையால் டேப்பின் தண்டில் பொறிக்கப்பட்டுள்ள பிட்ச்சைப் பார்க்காமல் துளையிடக் கூடாது.

திருவண்ணாமலை உள்ளிட்ட ஊர்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவில் பயில்வோர் கற்கும் அடிப்படைக் கணக்குகளுள் இதுவும் ஒன்று. இந்நிலையங்களுக்கான பாடநூல்களை, 1986-இல் செருமனியின் உதவியுடன் சென்னை கிண்டியில் நிறுவப்பட்ட தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் தமிழிலும் வெளியிடுகிறது.

முழு ஆழம் தேவையா?

துளை சிறியதாக இருந்தால் மரை ஆழமாகி, பிடிப்பு வலுக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஓர் எல்லைக்கு மேல் இது உண்மையன்று. மரை ஆழத்தை விழுக்காட்டில் கணிக்க, வெளிவிட்டத்திலிருந்து துளையின் விட்டத்தைக் கழித்து, அதனைப் பிட்ச்சின் 1.299 மடங்கால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். எம்10 மரைக்கு 8.5 மி.மீ. துளையிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 77 விழுக்காடு. போதிய நீளத்திற்கு மரை பிடித்திருந்தால், அளவுக்கு மீறி இறுக்கும்போது மரை வழுக்கும் முன் போல்ட்டே அறுபடும். அதற்கு மேல் ஆழத்தைக் கூட்டினால் வலிமை சிறிதே உயரும். டேப்பைத் திருப்பத் தேவைப்படும் விசையோ பன்மடங்காகும்.

எம்10 உள்மரையின் சிறுவிட்டம், பொதுப் பயன்பாட்டிற்குரிய 6எச் தரத்தில், 8.376 முதல் 8.676 மி.மீ. வரை இருக்கலாம். 8.5 இதன் நடுவே அமைகிறது. கையில் 8.5 இல்லை என்று 9 மி.மீ. பிட்டால் துளையிடுவது பட்டறைகளில் நிகழும் தவறாகும். அப்போது ஆழம் 51 விழுக்காடாகக் குறைந்து, மரை தர எல்லைக்கு வெளியே போய்விடும். முனை சரிவரத் தீட்டப்படாத பிட் தன் அளவைவிடப் பெரிய துளையை இடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பழுதுபார்ப்பில்

கிணற்றுப் பாசனம் மிகுந்த திருவண்ணாமலை மாவட்டம் போன்ற பகுதிகளில் வார்ப்பிரும்பு பம்புகளைப் பழுதுபார்க்கும்போது இவ்வளவுகள் பெரிதும் உதவும். வழுக்கிப்போன எம்10 துளையை 10.2 மி.மீ. ஆக்கி எம்12 மரை வெட்டலாம். எம்8 துளையை 8.5 ஆக்கி எம்10 வெட்டலாம். சுற்றிலும் போதிய உலோகம் இருந்தால் மட்டுமே இது கைகொடுக்கும். விளிம்பருகே செய்தால் வார்ப்பு விரிசல் விடக்கூடும்.

பழைய எந்திரங்களில் அங்குல மரைகளைக் காணலாம். சோசப்பு விட்வொர்த் 1841-இல் முன்மொழிந்த இம்மரைகளின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைகளுக்கு அது 60 பாகை. ⅜ அங்குல விட்வொர்த் மரையில் அங்குலத்திற்கு 16 புரிகள். ⅜-இலிருந்து 1/16-ஐக் கழித்தால் துளை 5/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.9 மி.மீ. குழாய் மரைகள் வேறு வகை. அரை அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ.; அதற்கு 19 மி.மீ. துளை தேவை. "அரை அங்குலம்" என்பது இங்கு பழைய குழாய்களின் உள்விட்டத்தையொட்டிய பெயரேயன்றி மரையின் அளவன்று.

டேப் முறிதல்

டேப் கடினமாக்கப்பட்ட உயர்வேக எஃகால் ஆனது. துளைக்குள் அது முறிந்தால் சாதாரண டிரில் பிட்டால் குடைந்தெடுக்க இயலாது. மின்பொறி அரிப்பு எந்திரம் தேவைப்படும். சில ரூபாய் மதிப்புள்ள வேலைக்காக முழு வார்ப்பையே கழிக்க நேரிடலாம். கைடேப்புகள் மூன்று கொண்ட தொகுதியாக வருவதும், அவற்றை வரிசையாகப் பயன்படுத்துவதும் இதைத் தவிர்க்கவே. அரைச்சுற்று முன்னே திருப்பியபின் சற்றே பின்னே திருப்பிச் சீவலை முறிக்க வேண்டும். எஃகுக்கு எண்ணெய் இடப்படும். வார்ப்பிரும்பில் பெரும்பாலும் உலர்வாகவே வெட்டப்படும். துருவேறா எஃகு போன்ற இழுவைமிக்க உலோகங்களில் துளையைத் தர எல்லைக்குள் சற்றுப் பெரிதாக்கலாம். அடிமூடிய துளையாயின், சீவல் தங்கவும் டேப்பின் கூம்பு முனை அமையவும் மரைக்குத் தேவையானதைவிட ஆழமாகத் துளைக்க வேண்டும்.