கேரி என்னும் அபலை

ஸ்டீஃபன் கிங் 1974இல் வெளியிட்ட முதல் நாவலை ஆதாரமாகக் கொண்டு, பிரையன் டி பால்மா 1976இல் இயக்கிய 'கேரி' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பயங்கரப் படங்களின் வரிசையில் வைப்பதே வழக்கமாயினும், அதில் நம் நெஞ்சை உலுக்குவது, சக மாணவிகளின் பரிகாசத்துக்கும் மதவெறி கொண்ட தாயின் தண்டனைக்கும் நடுவே நசுங்கி வளரும் ஒரு பேதைப் பெண்ணின் தனிமைதான். பூப்பெய்துதல் இன்னதென்று எவரும் சொல்லித் தராத நிலையில், பள்ளிக் குளியலறையில் உதிரம் கண்டு அலறும் அவளை மற்றப் பெண்கள் சூழ்ந்து நின்று ஏளனம் செய்யும் ஆரம்பக் காட்சியைப் போல், இளம்பருவத்தின் குரூரத்தை உள்ளபடி காட்டிய காட்சிகள் மிகச் சிலவே.

பொருள்களை மனோசக்தியால் அசைக்கும் ஆற்றல் அவளுக்கு வாய்த்திருக்கிறது. பள்ளி நடன விழாவில் ராணியாக மகுடம் சூடி, வாழ்க்கையில் முதன்முறையாக அவள் ஆனந்தத்தோடு புன்னகைக்கும் தருணத்தில், உத்தரத்தில் கயிறு கட்டி மறைத்து வைத்த வாளியிலிருந்து பன்றி இரத்தம் அவள்மீது கொட்டுகிறது. அந்தக் கயிற்றையும் வாளியையும் முன்னதாகவே நமக்குக் காட்டிவிட்டு, காலத்தை மந்தகதியில் நீட்டி நம்மைத் தவிக்க வைக்கும் இயக்குநரின் சாமர்த்தியம் அபாரமானது. அதன்பின் அவளது மனோசக்தியால் மூளும் சங்காரத்தில் குற்றவாளியோடு நிரபராதியும் மடிகிறார். அவளுக்காகப் பரிந்து பேசிய ஆசிரியையும் தப்பவில்லை.

கேரியாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக், தாயாக நடித்த பைப்பர் லாரி ஆகிய இருவருமே ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். பயங்கரப் படங்களுக்கு அபூர்வமாகவே கிட்டும் கௌரவம் அது.