அறிக்கையில் உங்கள் வயது சரியாக உள்ளதா?

ஆய்வக அறிக்கை கைக்கு வந்ததும் நம் கண்கள் முதலில் தேடுவது முடிவுகளையே. சர்க்கரை எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, தடித்த எழுத்தில் ஏதேனும் அச்சாகியுள்ளதா என்று பார்க்கிறோம். மேலே பெயருக்கு அருகில் உள்ள வயதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. நம் வயது நமக்குத் தெரிந்ததுதானே என்னும் எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் அது கணினிக்கும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதைப் புரிந்துகொள்ள, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது உலகெங்கும் பேசப்பட்ட ஒய்2கே சிக்கலை நினைவுகூர்வது பயனுடையது.

இரண்டு இலக்கச் சிக்கனம்

கணினிகள் அலுவலகங்களுக்குள் நுழைந்த காலத்தில் அவற்றின் நினைவகம் மிகவும் விலை உயர்ந்ததாக இருந்தது. விவரங்களைப் பதிந்த துளை அட்டை ஒன்றில் 80 எழுத்துகளுக்கே இடம் இருந்தது. எனவே 1965 என்பதை 65 என்று சுருக்கிப் பதிந்தனர். சம்பளக் கணக்கு, வங்கி வட்டி, காப்பீடு, கிடங்கு இருப்பு ஆகிய அனைத்தும் இந்த வழக்கத்திலேயே எழுதப்பட்டன. மருத்துவமனைக் கணினிகளும் இதற்கு விலக்கல்ல.

இந்தச் சிக்கனம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லை தரும் என்று ராபர்ட் பீமர் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1971ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். 00 என்னும் ஆண்டைக் கணினி 1900 என்று கொள்ளுமா, 2000 என்று கொள்ளுமா என்பதே கேள்வி. அந்த எச்சரிக்கை பரவலாகச் செவிமடுக்கப்பட மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மருத்துவத்தில் தேதியின் இடம்

வணிக நிறுவனத்தில் தேதி தவறினால் கணக்கு பிழையாகும். மருத்துவமனையில் மருந்தளவே பிழையாகலாம். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிட, 1976ஆம் ஆண்டு வெளியான வாய்பாடு ஒன்று உண்டு. 140இலிருந்து நோயாளியின் வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, கிரியேட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். 1930இல் பிறந்த ஆண் ஒருவருக்கு 2000ஆம் ஆண்டில் வயது 70. எனவே கழித்து வருவது 70. ஆண்டை இரண்டு இலக்கங்களில் வைத்திருக்கும் கணினியோ 00இலிருந்து 30ஐக் கழித்து, வயது ‘மைனஸ் 30’ என்று கொள்ளும். அப்போது 140இலிருந்து கழித்து வருவது 170. அதாவது, முதியவரின் சிறுநீரகம் உண்மையைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு நன்றாக இயங்குவதாகக் காட்டப்படும். அதை நம்பி ஜென்டாமைசின் போன்ற மருந்தின் அளவைக் கணக்கிட்டால், சிறுநீரகமும் செவிப்புலனும் பாதிக்கப்படக்கூடும்.

புற்றுநோய்க்கான கோபால்ட்-60 கதிர்வீச்சுச் சிகிச்சையிலும் தேதிக்கு இடம் உண்டு. அந்தத் தனிமத்தின் வீரியம் மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது. அதற்கேற்பவே சிகிச்சை நேரம் கணக்கிடப்படுகிறது. தேதி தவறினால் அந்த நேரமும் தவறும்.

எல்லாக் கருவிகளும் இவ்வாறு நாட்காட்டியை நம்பி இயங்குபவை அல்ல. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை மட்டுமே அளந்து செயல்படுகிறது. எது தேதியைச் சார்ந்தது, எது சாராதது என்று பிரித்தறிவதே அன்றைய ஆயத்தப் பணியின் முதல் படியாக இருந்தது.

சோதனை நடந்த விதம்

முதலில் ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் உள்ள கணினிகள், நிரல்கள், கருவிகள் அனைத்தையும் பட்டியலிட்டது. மருத்துவக் கருவிகளைப் பற்றி உற்பத்தியாளர்கள் அளித்த தகவல்களை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் திரட்டி, பொதுமக்களும் காணுமாறு வெளியிட்டது.

அடுத்தது திருத்தம். ஆண்டை நான்கு இலக்கங்களாக விரிப்பது ஒரு வழி. ஒரு வரம்பு வைத்து, 30க்குக் கீழ் உள்ளவற்றை 2000த்தைச் சேர்ந்தவையாகவும் மற்றவற்றை 1900த்தைச் சேர்ந்தவையாகவும் கொள்வது மற்றொரு வழி. இரண்டாவது வழி எளிது. ஆனால் 1925இல் பிறந்த மூதாட்டியை அது இன்னும் பிறவாதவராக்கிவிடும். கோபோல் என்னும் பழைய கணினி மொழியில் எழுதப்பட்ட நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்தும் இப்பணியில் இந்திய மென்பொருளாளர்களுக்குக் கணிசமான பங்கு கிடைத்தது.

இறுதியாகச் சோதனை. தனிக் கணினியில் தரவுகளின் நகலை ஏற்றி, கடிகாரத்தை 1999 டிசம்பர் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்னதாக வைத்து, ஆண்டு மாறும்போது நடப்பதைக் கவனித்தனர். 2000 பிப்ரவரி 29ஐயும் தவறாமல் சோதித்தனர். நூற்றாண்டு நிறைவு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகள். 1900 லீப் ஆண்டு அன்று. 2000 லீப் ஆண்டு. இந்த விதியைப் பாதி மட்டும் அறிந்த நிரல், அந்த நாளையே இல்லாமல் ஆக்கிவிடும்.

கணினிகளைத் தனித்தனியே சோதிப்பது மட்டும் போதாது. ஆய்வகக் கணினி வரம்பை 30 என்றும் மருந்தகக் கணினி 50 என்றும் வைத்திருந்தால், 40 என்று பதியப்பட்ட பிறந்த ஆண்டு முன்னதில் 1940 ஆகும். பின்னதில் 2040 ஆகும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் தகவலையும் முழுமையாகத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. இவை அனைத்தும் தவறினால் காகிதத்திலும் கையாலும் பணியைத் தொடர மாற்றுத் திட்டங்களும் வகுக்கப்பட்டன.

ஓசையின்றி நேர்ந்த பிழை

புத்தாண்டு இரவு பெரும்பாலும் அமைதியாகவே கழிந்தது. அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று பலர் கூறினர். முன்கூட்டியே செய்த வேலையினால்தான் அந்த அமைதி வந்தது என்பது பணியாற்றியவர்களின் மறுமொழி.

எனினும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், கருவுற்ற தாய்மார்களுக்கான டவுன் நோய்க்குறிப் பரிசோதனையில், கணினி தாயின் வயதைத் தவறாகக் கணக்கிட்டு வந்தது. இப்பரிசோதனையில் தாயின் வயது முதன்மையான அளவுகோல். 2000 ஜனவரியில் தொடங்கிய பிழை மே மாதத்தில்தான் கண்டறியப்பட்டது. அதற்குள் 150க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு சென்றிருந்தது. ஆபத்து குறைவு என்று சொல்லப்பட்டவர்களுள் டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மார்களும் இருந்தனர். முடிவெடுக்க வேண்டிய காலத்தில் அவர்களிடம் சரியான தகவல் இல்லை.

அந்தக் கணினி ஒரு நாளும் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இயங்கிக்கொண்டே தவறு செய்ததால்தான் மாதங்கள் கடந்தன. இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க, எண்ணைப் பார்த்து ‘இது பொருந்துகிறதா?’ என்று கேட்கும் மனிதர் ஒருவர் வேண்டும். அந்த மனிதர் மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்கலாம். நோயாளியாகவோ அவரைக் கவனித்துக்கொள்பவராகவோ கூட இருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• ஒவ்வோர் அறிக்கையிலும் பெயர், வயது, பாலினம், மாதிரி எடுத்த தேதி ஆகியவற்றை முதலில் படியுங்கள்.

• நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி ஒன்றாகவும் உண்மையான வயது வேறாகவும் இருக்கும். பதிவேட்டில் ஒரே தேதியைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். உண்மையான வயது வேறென்றால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். தோராயமாக ‘அறுபது’ என்று சொல்லியிருந்தாலும் அதைக் குறிப்பிடுங்கள்.

• குளுக்கோமீட்டரிலும் இரத்த அழுத்தக் கருவியிலும் மின்கலம் மாற்றிய பின்னர் தேதி சரியாக உள்ளதா என்று பாருங்கள். அவற்றின் நினைவில் உள்ள அளவுகளைத் தேதி கொண்டே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

• பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் வைத்திருங்கள். புதிய முடிவு முந்தையவற்றோடு சற்றும் பொருந்தவில்லையெனில், தயங்காமல் கேளுங்கள். தேவையெனில் பரிசோதனையை மீண்டும் செய்யலாம்.

• உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் ஒன்று எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். கணினி இயங்காத நேரத்தில் அது பெரிதும் உதவும்.

• செவிலியர் மீண்டும் மீண்டும் பெயரையும் வயதையும் கேட்பது உங்கள் பாதுகாப்புக்கான சரிபார்ப்பு. ஒவ்வொரு முறையும் பொறுமையாக விடை கூறுங்கள்.

1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி வரும் சில பழைய கணினி அமைப்புகளில், 2038 ஜனவரி 19 அன்று அந்த எண்ணிக்கை அதன் எல்லையைத் தொடும். அதற்கான திருத்தங்களும் நடந்து வருகின்றன. அவை வல்லுநர்களின் பணி. உங்கள் அறிக்கையின் முதல் வரியைச் சரிபார்க்க வல்லுநர் தேவையில்லை. அதில் தவறு காணப்பட்டால், அன்றே பதிவு மேசையிலோ செவிலியரிடமோ தெரிவியுங்கள்.