வாளின் கைப்பிடிக்குத் தமிழில் என்ன பேரு? 'பிடி' என்ற சொல் வந்த கதை

சினிமாவில் ஹீரோ உறையிலிருந்து வாளை உருவும்போது, அவர் கை பற்றியிருக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'ஹில்ட்' என்று பெயர். தமிழில்? புதுச் சொல் எதுவும் உருவாக்க வேண்டாம். திருச்சி எடமலைப்பட்டி புதூரில் ஒருவர் அரிவாளுக்குச் சொல்லும் அதே சொல்தான்: 'பிடி'. 'கைப்பிடி' என்றாலும் சரிதான்.

பொருள் எப்படி வந்தது?

பிடி என்றால் கையால் பற்றுவது. அந்தச் செயலின் பெயரே, பற்றும் இடத்துக்கும் பெயராகிவிட்டது. இதை இலக்கணத்தில் 'தொழிலாகுபெயர்' என்பார்கள். ஒரு பிடி அரிசி, விரல் தடம் பதியச் செய்யும் பிடி கொழுக்கட்டை, 'பிடி கொடுக்காம பேசுறார்' எல்லாம் இதே சொல்தான். பெண் யானையைக் குறிக்கும் 'பிடி' மட்டும் பொருளில் வேறு.

வடமொழிச் சொல்லா?

இல்லை. மலையாளத்திலும் தெலுங்கிலும் 'பிடி', கன்னடத்தில் 'ஹிடி'. நம்ம 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆவது போலத்தான் இதுவும். ஆக, இது திராவிட மொழிகளின் பொதுச் சொல். இந்தியில் கைப்பிடியை 'மூட்' என்கிறார்கள். அது சமஸ்கிருத 'முஷ்டி'யிலிருந்து வந்தது. முஷ்டி என்றால் மூடிய கை. வேர் வேற, ஆனா யோசனை ஒண்ணுதான்!

பிடியில் அப்படி என்ன இருக்கு?

வாள் யாருடையது, எந்த ஊர் வேலை என்று கண்டுபிடிக்கப் பெரிதும் உதவுவது பிடிதான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் உள்ளன. தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பாவில் செய்தது. பிடியோ நம்ம ஊர் கைவேலை. அலகை மட்டும் பார்த்தால் 'வெளிநாட்டுக் கத்தி' என்றே நினைத்துவிடுவோம்.

கட்டாரியின் பிடி வாள்பிடி போல நேராக இருக்காது. இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே குறுக்காக இருக்கும். அதனால் குத்தும்போது முஷ்டியின் விசை நேராக அலகுக்குப் போகும்.

2023 மே மாதம் லண்டனில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. அதன் பிடியிலும் தங்கத்தால் பதித்த எழுத்துகள் உண்டு.

அடுத்த முறை அருங்காட்சியகம் போனால், வாளின் கூர்மையை மட்டும் பார்க்காதீங்க. அதன் ஊரும் பேரும் தெரியணும்னா, முதல்ல பிடியைப் பாருங்க.