கம்பெனி நொடிக்கும்போது தொழிற்சங்கம் கேட்க வேண்டியது யாது?

கோவிலம்பாக்கத்திற்கு நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். அவருடைய மகன் அருகிலுள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறார். "கம்பெனி நொடித்தால் பையனுடைய யூனியன் எதைக் கேட்டு வாங்க முடியும்?" என்றார் அவர். கூலியிலிருந்து சேமிப்புப் பிடிக்கப்படும் நம் நெசவாளர்க்கும் இவ்வினா உரியதே.

தொழிற்சங்கத்தின் பலம் வேலைநிறுத்தம். லாபம் ஈட்டும் கம்பெனியில் ஒரு நாள் வேலை நின்றாலும் முதலாளிக்கு நஷ்டம். ஆகவே அவர் பேச வருகிறார். கடனில் மூழ்கிய கம்பெனியிலோ அவ்வாயுதம் மழுங்கிவிடுகிறது. அங்கே முடிவு செய்வோர் கடன் கொடுத்த வங்கிகள்.

ஜெட் ஏர்வேஸ் கம்பெனியின் வரலாறு இதற்குச் சான்று. 2019-ஆம் ஆண்டு மார்ச்சில் அதன் நிறுவனர் நரேஷ் கோயல் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். நிலுவைச் சம்பளம் வராவிடில் ஏப்ரல் 1 முதல் விமானம் ஓட்டுவதில்லை என்று விமானிகள் சங்கம் அறிவித்தது. பின்னர் அந்நாளைத் தள்ளிவைத்தது. இறுதியில், 1,500 கோடி ரூபாய் கொடுத்துக் கம்பெனியைக் காக்குமாறு ஸ்டேட் வங்கியை வேண்டிற்று. எச்சரிக்கை வேண்டுகோளாக மாறியது. ஏப்ரல் 17-இல் விமானங்கள் நின்றன. ஜூன் 20-இல் நொடிப்பு நடவடிக்கை தொடங்கியது.

ஆயினும் தொழிலாளர் முற்றிலும் தோற்றாரல்லர். வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் முழுமையாகக் கொடுக்க வேண்டுமென 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை மாற்ற மறுத்தது. எனினும் கம்பெனியை ஏற்க வந்தோர் தம் திட்டத்தை நிறைவேற்றாமையால், 2024 நவம்பர் 7-இல் அதனைக் கலைக்குமாறு அந்நீதிமன்றமே உத்தரவிட்டது.

கலைப்பின்போது யாருக்கு எது முதலில் என்பதை 2016-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் வரையறுக்கிறது. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளர்க்குச் சேர வேண்டியது கம்பெனிச் சொத்தில் சேராது. கலைப்புச் செலவு போக, தொழிலாளரின் கடைசி 24 மாத நிலுவை, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தோர்க்குச் சமமான நிலையில் நிற்கும். மற்ற ஊழியரின் 12 மாத நிலுவை அதற்கு அடுத்த படி. அதற்கு முந்திய பாக்கி இன்னும் கீழே இறங்கிவிடும்.

இதிலிருந்து சங்கத்தின் நிலை தெளிவாகும். கம்பெனியைக் காப்பதற்காக நடப்புச் சம்பளத்தில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். அதுவும் திருப்பித் தரும் நாளை எழுத்தில் பெற்று, கணக்கைப் பார்வையிடும் உரிமையோடு. சேமித்த பணத்தை மட்டும் ஒருபோதும் பேரத்தில் வைத்தலாகாது. சம்பளப் பாக்கியை நெடுங்காலம் வளரவிடுவதும் தவறு.

உடைமை கைமாறுமுன் நிபந்தனை எழுதப்படுதல் வேண்டும் என்பது மற்றொன்று. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்திடம் சென்றபோது, ஓராண்டு வரை எவரையும் ஆட்குறைப்புச் செய்வதில்லை என்பது விற்பனை நிபந்தனையிலேயே இடம்பெற்றிருந்தது.

நம் சங்கங்களுக்கும் இதுவே பாடம். கூலியில் பிடித்த சேமிப்பு அங்கத்தினருடைய பணம்; அதை நூல் வாங்கவோ சம்பளம் கொடுக்கவோ எடுத்தலாகாது. பிடித்த தொகை தம் கணக்கில் ஏறியதா என்று ஒவ்வொருவரும் பாஸ் புத்தகத்தைத் தவறாது பார்த்தல் வேண்டும். சங்கம் நன்றாக நடக்கும் நாளிலேயே கேட்கும் கேள்விக்குத்தான் பலம் உண்டு.